உடையவரும் உரியவரும்: சேவையகக் கோப்புகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருள் யாருடையது என்ற வினாவும் அப்பொருளை யார் கையாளலாம் என்ற வினாவும் ஒன்றல்ல. வீடு ஒருவருடையதாயிருக்க, அதில் வாடகைக்குக் குடியிருப்பவர் பிறிதொருவராயிருத்தல் கூடும். நூலகத்து நூலை உறுப்பினர் எவரும் வாசிக்கலாம். அதன் ஓரங்களில் எழுதும் உரிமை அவர்களுள் எவருக்கும் இல்லை. கோயிற் காணியைப் பராமரிக்கும் தர்மகர்த்தா அதன் வருவாயைத் தமதெனக் கொள்ளல் ஆகாது. அன்றாட வாழ்வில் இத்தகைய வினாக்களுக்குச் சட்டமும் வழக்காறும் மனிதரின் நல்லுணர்வும் சேர்ந்து விடை தருகின்றன. ஐயம் எழுமிடத்து ஒருவர் மற்றவரைக் கேட்டுத் தெளிந்துகொள்ளவும் இயலும். ஆனால், கேட்கவும் தெளியவும் இயலாத பொறி ஒன்றிடம் இவ்வினாக்கள் ஒப்படைக்கப்படுமிடத்து, அவை முன்னெப்போதும் வேண்டியிராத துல்லியத்துடன் வரையறுக்கப்படல் வேண்டும். அவ்வரையறையில் எது இடம்பெற்றது, எது விடுபட்டுப்போயிற்று என்பதை ஆராய்வது கணினி அறிஞருக்கு மாத்திரமன்றி மெய்யியல் மாணவருக்கும் உரிய பணியாகும்.

நோயாளியின் மருத்துவக் குறிப்பு, மாணவரின் பெறுபேறு, வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு ஆகிய யாவும் இன்று சேவையகம் எனப்படும் கணினிகளிலே கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் 'உடையவர்' ஒருவர் உண்டெனப் பொறி பதிந்துவைத்திருக்கின்றது. எனினும், அக்கோப்பினுள் எவருடைய வாழ்க்கை எழுதப்பட்டிருக்கின்றதோ அவருடைய பெயர் அந்த உடைமைப் பதிவில் இல்லை. உடையவர் வேறு, உரியவர் வேறு என்ற நிலை இங்கு தோன்றுகின்றது. இவ்வேறுபாடு, கோப்புகளைக் காப்போர்மீது எத்தகைய கடமையைச் சுமத்துகின்றது என்பதே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் வினாவாகும்.

பகிர்வும் வரம்பும்

கணினியில் 'என்னுடையது', 'உன்னுடையது' என்ற பாகுபாடு தொடக்கத்தில் இருக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையையே பொறி செய்துவந்த காலத்தில் அதற்கான தேவையும் எழவில்லை. பலர் ஒரே பொறியை ஒரே வேளையிற் பகிர்ந்துகொள்ளும் முறை ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1961ஆம் ஆண்டு செய்துகாட்டப்பட்டது. பகிர்வு தோன்றியபோதே வரம்பும் தோன்றிற்று. ஒரு கூரையின்கீழ் வாழத் தொடங்கிய பின்னரே பெட்டிகளுக்குப் பூட்டுத் தேவைப்படுகின்றது.

1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இவ்வரம்பினை மிக எளிய வடிவில் அமைத்தது. அவ்விருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு கோப்புக்கும் ஏழு பாதுகாப்புக் குறிகள் உண்டெனக் கூறப்பட்டுள்ளது. அவற்றுள் ஆறு, வாசித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்று செயல்களுக்கும் உடையவருக்கு ஒருமுறையும் ஏனையோர் அனைவருக்கும் ஒருமுறையுமாக அனுமதி வழங்கின. 1978இல் அக்கட்டுரை திருத்தி வெளியிடப்பட்டபோது குறிகளின் தொகை பத்தாயிற்று. இடையிலே 'குழு' என்றொரு வகுப்புச் சேர்ந்துகொண்டமையே அதற்குக் காரணமாகும்.

இம்மாற்றம் சிறிதெனினும் கருத்திற் கொள்ளத்தக்கது. உலகம் முதலில் 'நான்', 'ஏனையோர்' என இரண்டாகப் பிரிந்திருந்தது. பின்னர் 'நான்', 'நாங்கள்', 'ஏனையோர்' என மூன்றாயிற்று. தமிழில் 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தி நிற்க, 'நாங்கள்' என்பது அவர்களை விலக்கி நிற்கும். யுனிக்ஸின் குழு இந்த 'நாங்கள்' என்பதன்பாற்பட்டது. சிலரைச் சேர்ப்பதன் மூலமே அது பலரை விலக்குகின்றது.

இம்மூன்று வகுப்பினருக்கும் உரிய அனுமதிகள் எண்களாகவும் குறிக்கப்படுவதுண்டு. வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பளித்துக் கூட்டுவதே முறை. 644 என்றால், உடையவர் வாசிக்கவும் எழுதவும் கூடும். குழுவினரும் ஏனையோரும் வாசிக்க மாத்திரம் கூடும். 777 என்றால், எவரும் எதையும் செய்யலாம். யுனிக்ஸின் வழிவந்த முறைமைகளிலும் அதனைப் பின்பற்றி எழுந்த லினக்ஸிலும் இந்த ஏற்பாடு இன்றளவும் அடிப்படையாக நிலைத்துள்ளது. இணையத்தளங்களைத் தாங்கும் சேவையகங்களுட் பெரும்பாலானவை இத்தகைய முறைமைகளிலேயே இயங்குகின்றன.

பொறி கூறும் உடைமை

உடைமை என்பது ஒற்றை உரிமையன்று, பல கூறுகளின் தொகுதி என்பது சட்ட மெய்யியலார் பலருக்கு உடன்பாடான கருத்தாகும். ரோனி ஒனொறே 1961ஆம் ஆண்டு வெளியான தமது கட்டுரையில் அதனைப் பதினொரு கூறுகளாக வகுத்துக் காட்டினார். வைத்திருத்தல், பயன்படுத்தல், பயன்பாட்டைத் தீர்மானித்தல், வருவாய் பெறுதல், பிறருக்கு உரித்தாக்குதல் முதலியவற்றோடு, பிறருக்குத் தீங்கு விளையுமாறு பயன்படுத்தாதிருக்கும் கடமையையும் அவர் உடைமையின் ஒரு கூறாகவே சேர்த்தமை குறிப்பிடத்தக்கது. உரிமைகளின் பட்டியலினுள்ளே கடமையொன்று அமர்ந்திருக்கின்றது. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, பொறி கூறும் உடைமை மூன்று வகையில் வியப்பளிப்பதாக உள்ளது.

முதலாவது, உடையவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளலாம். ஒரு கோப்புக்கு 444 என அனுமதி இடப்படின், அதன் உடையவரும் வாசிக்கலாமேயன்றி எழுத முடியாது. அவர் விரும்பினால் அனுமதியை மாற்றிய பின் எழுதலாம். ஆயினும் அந்த மாற்றம் தனியொரு செயலாக, சற்றே நின்று சிந்தித்துச் செய்யவேண்டியதொன்றாக ஆகிவிடுகின்றது. தமது கவனக்குறைவிலிருந்து தமது பொருளைக் காத்தற்கு ஒருவர் தாமே இடும் வேலி இது.

இரண்டாவது, உடையவர் தமது கோப்பினைப் பிறருக்கு நன்கொடையாக அளிக்க இயலாது. லினக்ஸில் ஒரு கோப்பின் உடைமையை வேறொருவர் பெயருக்கு மாற்றும் அதிகாரம் சாதாரணப் பயனருக்கு இல்லை. உரித்தாக்கும் உரிமை இல்லாத உடைமை என்ன உடைமை என்று வினவத் தோன்றும். அதற்கான காரணங்களுள் ஒன்று எளியது: ஒருவர் தமக்கு ஒதுக்கப்பட்ட சேமிப்பிடத்தின் அளவை மீறிக்கொண்டு, தமது கோப்புகளைப் பிறர் பெயரில் எழுதிவைத்துச் சுமையை அவர்மீது ஏற்றிவிடலாம். எனவே ஒருவர் உருவாக்கியதன் பொறுப்பை மற்றவருடைய இசைவின்றி அவர் தலையிற் கட்டிவிட முடியாதவாறு பொறி தடுக்கின்றது. இங்கு உடைமை என்பது அனுபவிக்கும் உரிமையாக அன்றி, பொறுப்புக் கூறவேண்டியவர் யார் என்பதன் அடையாளமாகவே தொழிற்படுகின்றது.

மூன்றாவது, ஒரு கோப்பினை அழிக்கும் அதிகாரம் அக்கோப்பின் அனுமதிகளில் இல்லை. அது இருக்கும் கோப்புறையின் அனுமதிகளில் உள்ளது. கோப்புறையில் எழுதும் அனுமதி பெற்றவர், தமக்கு உடைமையில்லாத கோப்பையும் பொதுவாக அதிலிருந்து நீக்கிவிடலாம். அனைவரும் எழுதக்கூடிய பொதுக் கோப்புறைகளில் இதனைத் தடுப்பதற்கெனத் தனியானதொரு குறி ஏற்படுத்தப்பட்டுள்ளது. பொருள் ஒருவருடையதாயினும் அப்பொருள் நிற்கும் நிலம் மற்றொருவருடையதாயின் உடைமை முழுமையுறாது என்பதை இது உணர்த்துகின்றது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கின் ஒரு முடிபு புலனாகும். சேவையகத்தில் உடையவர் எனப்படுபவர் கோப்பின் ஆண்டவர் அல்லர்; அதன் அனுமதிகளை வகுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் மாத்திரமே.

பெயரற்றவரின் பெயரால்

இணையப் பிரயோகங்கள் தோன்றியபின் இவ்வினா மேலும் சிக்கலாயிற்று. யுனிக்ஸின் ஏற்பாடு ஆய்வுகூடம் ஒன்றின் தேவைக்கேற்ப உருவானது. அங்கு ஒவ்வொரு பயனரும் ஒரு மனிதர். அவருக்குப் பெயரும் மேசையும் உண்டு. இணையத்தளத்தைப் பார்க்க வருபவரோ முன்பின் அறியப்படாதவர். அவருடைய வேண்டுகோளை ஏற்றுக் கோப்பைத் திறந்து காட்டுவது சேவைச் செய்நிரல் ஆகும். அச்செய்நிரலும் ஏதேனுமொரு பயனரின் பெயரிலேயே இயங்கவேண்டும் என்பது பொறியின் விதி. ஆகவே மனிதர் எவரையும் குறிக்காத பெயரொன்று அதற்கென ஏற்படுத்தப்பட்டது. சில முறைமைகளில் அப்பெயரின் பொருளே 'எவருமல்லர்' என்பதாகும்.

இந்த எவருமல்லாதவருக்கு எவ்வளவு உரிமை அளிக்கலாம்? டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் ஆவணங்கள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. தளத்தின் உள்ளடக்கம் சேவைச் செய்நிரலின் பெயரில் உடைமையாக இருத்தல் கூடாது. இருப்பின், அச்செய்நிரலைக் கைப்பற்றியவர் தளம் முழுவதையும் திருத்தி எழுதிவிடலாம் என்பது அதன் கருத்து. ஒரு பிரயோகத்தின் நிரற்கோப்புகள் ஒருவருடைய உடைமையாகவும், அவற்றை இயக்கிக் காட்டும் செய்நிரல் வேறொரு பயனராகவும் இருத்தல் வேண்டும். பின்னையவருக்கு வாசிக்கும் அனுமதி போதும். பார்வையாளர் படங்களையும் ஆவணங்களையும் ஏற்றிவைக்கும் கோப்புறை ஒன்றில் மாத்திரம் எழுதும் அனுமதி வேண்டியிருக்கலாம். அங்கு ஏற்றப்பட்டவை இயக்கப்படாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரு கவனங்களும் இல்லாவிடின், படமெனக் கூறிச் செய்நிரலொன்றை ஏற்றிவைத்து அதனை அச்சேவையகத்தைக் கொண்டே இயக்குவிப்பது தீயோருக்கு எளிதாகும்.

பெருவழக்கிலுள்ள வேர்ட்பிரஸ் என்னும் பிரயோகத்தின் ஆவணங்கள் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்ற அளவைப் பரிந்துரைக்கின்றன. தரவுத்தளத்தின் கடவுச்சொல் அடங்கிய அமைப்புக் கோப்புக்கு இதனினும் இறுக்கமான 440 அல்லது 400 என்ற அளவு கூறப்படுகின்றது. வீட்டின் கதவு அனைவரும் காண நிற்பது, சாவி அவ்வாறன்று.

ஆயினும் நடைமுறை வேறுவிதமாக அமைந்துவிடுவதுண்டு. பிரயோகமொன்று இயங்க மறுக்கின்றது. அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி திரையில் தோன்றுகின்றது. எந்தக் கோப்புக்கு, எவருக்கு, எந்த அனுமதி குறைந்துள்ளது என ஆராய்ந்தறிய நேரமும் பொறுமையும் வேண்டும். பணியை முடிக்குமாறு மேலிடம் நெருக்குகின்றது. 777 என்ற மூன்று இலக்கங்களை இட்டால் தடை யாவும் நீங்கிவிடும். பிரயோகம் இயங்கத் தொடங்குகின்றது. செய்தவருக்குப் பாராட்டும் கிடைக்கின்றது. எதுவும் கெட்டுப்போனதாகத் தோன்றவில்லை. அறவியல் நோக்கில் ஆராயத்தக்க கணம் இதுவேயாகும்.

தாராளமும் கைவிடலும்

அனைவருக்கும் அனைத்தையும் அளித்தல் புறத்தோற்றத்தில் தாராள மனப்பான்மையை ஒத்திருக்கின்றது. பொதுவுடைமையே உயர்ந்த நெறி என்று கருதுவோருக்கு, 777 என்பது கோப்புகளின் உலகில் அந்நெறியின் நிறைவேற்றமாகவும் தோன்றக்கூடும். ஆனால் ஈகைக்கு இரு நிபந்தனைகள் உண்டு. கொடுக்கப்படுவது கொடுப்பவருடையதாக இருத்தல் வேண்டும். பெறுபவர் இன்னாரென அவர் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். 777 இடுபவர் தமது பொருளைக் கொடுக்கவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறருடைய பொருளைத் திறந்து விடுகின்றார். யாருக்குத் திறந்து விடுகின்றார் என்பதையும் அவர் அறியார். எனவே இது ஈகையன்று, கைவிடலே ஆகும்.

ஜெறோம் சோல்ற்சர், மைக்கல் ஷ்ரோடர் ஆகியோர் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் தகவற் பாதுகாப்புக்கான எட்டு வடிவமைப்புக் கோட்பாடுகளை முன்வைத்தனர். ஒவ்வொரு செய்நிரலும் ஒவ்வொரு பயனரும் தத்தம் பணிக்கு இன்றியமையாத மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே செயற்படல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அனுமதி இல்லை என்பதே இயல்புநிலையாக இருக்க, அனுமதியே காரணங்காட்டி வழங்கப்படல் வேண்டும் என்பது மற்றொன்று. பொறியியல் விதிகளாகக் கூறப்பட்டனவாயினும், இவை அதிகாரம் பற்றிய அறக்கோட்பாடுகளாகவும் கொள்ளத்தக்கன.

இக்கோட்பாட்டுக்கு எதிராக வலுவானதொரு மறுப்பு எழுப்பப்படலாம். உடன் பணிபுரிவோருக்கு ஆகக் குறைந்த அனுமதியையே வழங்குதல் அவர்களை ஐயுறுவதாகாதா? நம்பிக்கையின்மீது கட்டப்படவேண்டிய மனித உறவைப் பூட்டுகளின்மீது கட்டுதல் தகுமா? ஒருவரை நம்புதல் அவருக்குச் செய்யும் மதிப்பாகும். அவரைக் கட்டுப்படுத்துதல் அவமதிப்பாகும் என்பது இம்மறுப்பின் சாரம்.

இதற்கு விடை காண்பதற்கு முன்பு கூறப்பட்ட மசாசூசெற்ஸ் முறைமையில் நேர்ந்த நிகழ்ச்சியொன்று உதவும். அதனை உருவாக்கியோருள் முதன்மையானவரான பெர்னாண்டோ கொர்பாற்றோ பிற்காலத்தில் அதனை எடுத்துரைத்துள்ளார். 1960களின் நடுப்பகுதியில் ஒருநாள், முறைமையினுள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பு காட்டப்பட்டது. திருடர் எவரும் அங்கு இருக்கவில்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில், ஒருவர் கடவுச்சொற் கோப்பையும் மற்றவர் அறிவித்தலையும் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்துவதற்குரிய செய்நிரல் இரண்டுக்கும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பினைப் பயன்படுத்தியமையால் ஒன்று மற்றதன் இடத்துக்கு மாறிவிட்டது. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் தத்தம் கடமையையே செய்தனர்.

செய்நிரல்களின் இயல்பும் இத்தகையதே. நோர்ம் ஹார்டி 1988இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் 'குழம்பிய பிரதிநிதி' என்ற கருத்தை விளக்கினார். தொகுப்பிச் செய்நிரலொன்றுக்குத் தனது பயன்பாட்டு விபரங்களைப் பதிவதற்கென முறைமைக் கோப்புறையில் எழுதும் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அதே கோப்புறையில் இருந்தது. பயனர் ஒருவர் தமது வெளியீட்டை எழுதவேண்டிய இடமாக அக்கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். பயனருக்கு அதில் எழுதும் உரிமை இல்லை, செய்நிரலுக்கு உண்டு. ஆகவே செய்நிரல் பணிவுடன் எழுதிற்று, கணக்கு அழிந்தது. இரு தலைவருக்குப் பணிசெய்யும் ஏவலன், எவருடைய அதிகாரத்தால் எதைச் செய்கின்றான் என அறியாதிருத்தலே இங்கு நேர்ந்த தவறாகும். அறியப்படாத பார்வையாளரின் வேண்டுகோளைத் தனது அதிகாரத்தால் நிறைவேற்றும் இணையப் பிரயோகம் ஒவ்வொன்றும் இத்தகைய ஏவலனே.

ஆகவே அனுமதியை வரையறுத்தல் ஒருவருடைய ஒழுக்கத்தின்மீது கொண்ட ஐயமன்று. மனிதர் பிழைவிடக்கூடியவர், கருவிகள் குழம்பக்கூடியன என்ற உண்மையை ஒப்புக்கொள்ளுதலே அது. ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்பவர் ஏறுபவரை அவமதிப்பதில்லை. மேலும், தம்மாற் செய்யவே இயலாத ஒன்றுக்காக எவரும் குற்றஞ்சாட்டப்படுவதில்லை. குறைந்த அதிகாரம் பொருளைக் காப்பதோடு பணியாளரையும் காக்கின்றது.

மோதிரமும் அதனைக் கழற்றுதலும்

அனுமதிகளைப் பற்றிக் கூறப்பட்டவை அனைத்துக்கும் விலக்கான பயனர் ஒருவர் சேவையகத்தில் உண்டு. 'றூட்' எனப்படும் அப்பயனரின் எண் 0. கோப்புகளின் ஒன்பது குறிகளும் அவரைத் தடுப்பதில்லை. எவருடைய கோப்பையும் அவர் வாசிக்கலாம், திருத்தலாம், உடைமை மாற்றலாம். தமது வருகையைக் காட்டும் பதிவுகளையும் அழிக்கலாம்.

பிளேற்றோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கைஜஸின் மோதிரம் பற்றிய கதையைக் கிளோக்கன் வாயிலாகக் கூறுகின்றார். அணிந்தவரைப் பிறர் கண்ணுக்குப் புலனாகாதவராக்கும் மோதிரம் கிடைப்பின், நீதிமானும் அநீதியாளனும் ஒரேவிதமாகவே நடந்துகொள்வர் என்பது கிளோக்கன் எடுத்துக்காட்டும் வாதம். முறைமை நிர்வாகியின் கையில் இருப்பது அம்மோதிரத்தை ஒத்ததே. பிளேற்றோவின் விடை உள்ளத்தின் ஒழுங்கு பற்றியது: நீதி தன்னளவிலே நன்மையானது, அநீதி செய்பவனின் ஆன்மாவே முதலிற் சீர்குலைகின்றது.

கணினிப் பொறியியல் இதனோடு மற்றுமொரு விடையைச் சேர்க்கின்றது. இணையச் சேவைச் செய்நிரல் இயங்கத் தொடங்கும்போது, றூட் மாத்திரமே மரபாகச் செய்யக்கூடிய ஒரு செயலைச் செய்யவேண்டியிருக்கின்றது. 1024இற்குக் குறைந்த எண்ணுடைய வாயிலைத் திறத்தலே அது. எனவே அது றூட்டாகப் பிறந்து அவ்வாயிலைத் திறக்கின்றது. பின்னர் பார்வையாளரின் வேண்டுகோள்களைக் கவனிக்கும் அதன் கிளைச் செயன்முறைகள் அவ்வதிகாரத்தைத் தாமாகவே துறந்து, எவருமல்லாதவராக மாறிவிடுகின்றன. துறந்ததை மீளப் பெறும் வழியும் அவற்றுக்கு இல்லை. அந்நியருடன் பேசப்போகுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுதல் போன்றது இது. அதிகாரத்தை நல்லவழியிற் பயன்படுத்துவேன் என உறுதிகூறுதல் ஓர் அறம். தேவை முடிந்ததும் அதனை வைத்துவிடுதல் அதனினும் உறுதியான அறம்.

குற்றம் யாருடையது?

இக்கோட்பாடுகள் புறக்கணிக்கப்படின் நேர்வது யாது என்பதை 2017ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று காட்டுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாறுகளைத் தொகுத்துவைத்திருக்கும் ஈக்குவிபாக்ஸ் நிறுவனத்தின் இணையப் பிரயோகம் ஒன்று அப்பாச்சி ஸ்ட்றற்ஸ் என்னும் மென்பொருளின்மீது அமைந்திருந்தது. அம்மென்பொருளிற் குறையொன்று இருப்பது அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அறிவிக்கப்பட்டு, திருத்தமும் வெளியிடப்பட்டது. அத்திருத்தம் அப்பிரயோகத்துக்கு இடப்படவில்லை. மே மாதத்தில் உள்நுழைந்தவர்கள் 76 நாட்கள் அங்கு உலவினர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விபரங்கள் களவாடப்பட்டன.

உட்புகுந்த வழி மென்பொருட் குறையே. எனினும் இழப்பு இத்துணை பெரிதாயினமைக்கு வேறு காரணமும் உண்டு. உட்புகுந்தோர் மறைகுறியாக்கம் செய்யப்படாத பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பொன்றைக் கண்டெடுத்தனர். அதனைக் கொண்டு, அப்பிரயோகத்துக்குத் தொடர்பேயற்ற 48 தரவுத்தளங்களை அவர்களால் எட்ட முடிந்தது. அப்பிரயோகம் செய்யவேண்டிய பணிக்கு வேண்டாத கதவுகள் அதன் பக்கம் திறந்திருந்தன. ஓர் அறையிற் பிடித்த தீ வீடு முழுவதும் பரவியதற்கு இடைச்சுவர் இல்லாமையே காரணமாயிற்று.

அவ்வாண்டு ஒக்ரோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றிய அந்நிறுவனத்தின் முன்னைநாள் தலைவர், திருத்தம் இடப்படவேண்டும் என்ற செய்தியை உரியவருக்கு அறிவிக்கத் தவறிய தனியொருவரின் பிழையை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டினார். இங்கேயே அறவியல் வினா கூர்மையடைகின்றது. ஒருவர் ஒரு செய்தியை அனுப்ப மறந்தால் கோடிக்கணக்கான மக்களின் அந்தரங்கம் பறிபோகும் என்றவாறு அமைந்த ஏற்பாட்டில், குற்றம் மறந்தவருடையதா, ஏற்பாட்டை அவ்வாறு அமைத்தோருடையதா? மறத்தல் மனித இயல்பு. மறதி ஒன்றே பேரழிவாக மாறும்படி கதவுகளைத் திறந்துவைத்தல் இயல்பன்று, தெரிவு. அத்தெரிவு ஒரே நாளில், ஒரே கையால் செய்யப்பட்டிராது. பலர் பல நாட்களில் சற்றே எளிதான வழியைத் தேர்ந்தமையின் திரட்சியாக அது இருக்கலாம். எனவேதான் அதற்குரியவர் எவருமில்லாதது போலத் தோன்றுகின்றது. அனைவருக்கும் எழுதும் அனுமதி அளிக்கப்பட்ட கோப்பில் எவர் எழுதினார் எனக் கூற முடியாததுபோல, அனைவரும் பங்குகொண்ட கவனக்குறைவில் எவர் பொறுப்பு என்பதும் மறைந்துவிடுகின்றது.

உரியவரின் இடம்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது மீளலாம். பொறியின் மூன்று வகுப்புகளுள், கோப்பினுள் எழுதப்பட்டிருக்கும் மனிதர் எவ்வகுப்பைச் சேர்ந்தவர்? உடையவர் அவரல்லர். குழுவில் அவர் இல்லை. ஏனையோருள் ஒருவர் என்று கூறுதலும் மிகையே. பெரும்பாலும் அச்சேவையகத்தில் அவருக்குப் பயனர் பெயரே இராது. ஈக்குவிபாக்ஸ் நிறுவனத்தின் கோப்புகளில் அடங்கியிருந்த கோடிக்கணக்கானோருட் பலர் அந்நிறுவனத்துடன் நேரடித் தொடர்பு எதுவும் கொண்டிருந்தவரல்லர். மிக அதிகமாக இழக்கக்கூடியவரே மிகக் குறைந்த குரலுடையவராக இருக்கின்றார்.

சட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்துள்ளது. 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும், இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவின் 'உடையவர்' யார் என்ற வினாவை மையமாகக் கொள்ளவில்லை. தரவு எதற்காக, எவ்வாறு கையாளப்படவேண்டும் எனத் தீர்மானிப்பவர்மீது அவை கடமைகளைச் சுமத்துகின்றன. தரவு எவரைப் பற்றியதோ அவருக்கு அதனைக் காணவும் திருத்தக் கோரவும் உரிமை அளிக்கின்றன. உடைமையின் மொழியிலிருந்து ஒப்படைப்பின் மொழிக்குச் சட்டம் நகர்ந்துள்ளது எனலாம்.

ஆயினும் சட்டம் பெரும்பாலும் தீங்கு நேர்ந்தபின்னரே வந்து வினவும். திரையின்முன் தனியே அமர்ந்திருக்கும் பணியாளர் 777 என இடப்போகும் கணத்தில் அங்கு நீதிபதி இல்லை. மேலதிகாரியும் பெரும்பாலும் இல்லை. அக்கோப்பில் வாழும் மனிதரும் அங்கு இல்லை. அவர் தமது கடவுச்சொல்லை இட்டுவிட்டு, தமது விபரங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று எண்ணித் தமது வேலையைக் கவனிக்கச் சென்றிருப்பார். அங்கில்லாதவரின் பொருட்டு, அங்கிருப்பவர் ஒரு கணம் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டவர். அனுமதி கேட்பது எது, அதற்கு அது எவ்வளவு வேண்டும், வேண்டாத மிகுதி யார் கையிற் சென்று சேரும் என்ற மூன்று வினாக்களையும் கேட்டு விடை காண்பதற்குச் செலவாகும் சில மணித்தியாலங்களே அவர் உரியவருக்குச் செலுத்தும் மதிப்பாகும்.

தர்மகர்த்தாவிடம் சாவி இருக்கின்றது. அதனாற் கோயில் அவருடையதாகிவிடாது. சாவியை அவர் கவனத்துடன் வைத்திருப்பது ஊராரைக் கள்வரெனக் கருதுவதனாலும் அன்று. உள்ளே இருப்பது தம்முடையதன்று என்ற நினைவே அவரைக் கவனமுள்ளவராக்குகின்றது. சேவையகக் கோப்பின் உடையவர் எனப் பொறி குறித்துவைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய அறமும் இந்நினைவே. பொறி உடையவரை அறியும்; உரியவரை அறியாது. உரியவரை அறிந்து நடத்தல் மனிதரின் கடமையாக எஞ்சி நிற்கின்றது.